பின்பக்க அறைக்கு வந்த வெயில்

அநியாயம் நடந்தது சங்கவிக்கு. செய்தது நந்தவனம் பிளாட்ஸ் குடியிருப்போர் நலச்சங்கம். என்ன அநியாயம் என்றால், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சங்கத்தின் செயலாளர் மொட்டை மாடிக் கதவின் பூட்டை மாற்றி, புதுச் சாவியை எல்லா வீட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, தரைத்தளத்துப் பின்பக்க அறைக்கு மட்டும் கொடுக்காமல் விட்டார். கொடுக்காததற்குக் காரணம், அந்த அறையில் தனியாகக் குடியிருக்கும் இருபத்துநான்கு வயதுப் பெண் தன் உள்ளாடைகளை மேலே எதையும் போட்டு மூடாமல் மாடிக் கொடியில் வெயிலில் காயப்போட்டாள் என்பது. செயலாளரின் பெயர் சிவசைலம். அவர் என் அப்பா. ஆகவே இதில் நான் நடுநிலைமை பேசப்போவதில்லை. நடுநிலைமை பேசுகிறவர்கள் எல்லாரும் சாவி கிடைத்தவர்களாகவே இருப்பதைப் பார்த்துவிட்டேன்.

நந்தவனம் பிளாட்ஸ் கூடுவாஞ்சேரிக்குக் கிழக்கே, ஷேர் ஆட்டோக்கள் கடைசியாகத் திரும்பும் இடத்தில் இருக்கிறது. பெயர்தான் நந்தவனம், ஒரு செம்பருத்திச் செடிகூடக் கிடையாது. கீழே தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்துமிடம், அதற்குப் பின்னால் மோட்டார் ரூம், மோட்டார் ரூமுக்கும் பின்னால் வாட்ச்மேனுக்கென்று கட்டி, வாட்ச்மேன் யாரும் நிலைக்காததால் சங்கமே வாடகைக்கு விட்ட ஒற்றை அறை. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்து கையை நீட்டினால் காம்பவுண்டுச் சுவர் தட்டும், சுவரில் பாசி, பாசியில் நத்தை. பட்டப்பகலில் லைட்டைப் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்கலாம். கட்டடம் எழும்பிய நாள்முதல் அந்த அறைக்குள் வெயில் என்ற ஒன்று வந்தது கிடையாது.

சங்கவி அக்கா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் சர்க்கரைக்காரர்களின் வீடுகளுக்கு விடியற்காலையிலேயே ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய், கையைத் தட்டி நரம்பு தேடி, ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டிக் கொண்டுவருவாள். பனி விலகாத மாசி மாதத்துத் தெருக்களில், வேப்பமரங்கள் பழுத்த இலைகளைக் கொட்டிக்கொண்டிருக்க, கோலம் போடுகிறவர்களும் பால் பாக்கெட் போடுகிறவர்களும் மட்டும் நடமாடும் நேரத்தில், வெள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு போகிற அவளைப் பார்த்து நாய்கள்கூடக் குரைப்பதை விட்டுவிட்டன. கோட்டு அவளிடம் இரண்டு இருந்தது. ஒன்றைப் போட்டுக்கொண்டு போகும்போது மற்றது துவைத்துக் காய வேண்டும். அறைக்குள் காயப்போட்டால் காயாது, ஈரவாடையோடு போட்டுக்கொண்டு போனால், கையை நீட்டும் சர்க்கரைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நிலையத்துக்குப் போன் போட்டு, “ரத்தம் எடுக்க வர்ற பொண்ணு குளிக்கிறதில்லையா?” என்று கேட்பார். ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார். ஆகவே மொட்டை மாடி வெயில் என்பது அவளுக்குச் சோறு.

இனி எங்கள் கட்டடத்தின் ஒழுக்கத்தைப் பற்றி. இங்கே பெண்களின் உள்ளாடை காய்வதை யாரும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அது துண்டுக்கு அடியில் காயும். மூன்றாவது மாடி லில்லி புஷ்பம் டீச்சர் வீட்டில் நைட்டிக்கு உள்ளே காயும். வேறு சில வீடுகளில் குளியலறைக் குழாயில், பக்கெட்டின் விளிம்பில், கதவுக்குப் பின்னாலுள்ள ஆணியில், கண்ணுக்குத் தெரியாமல், பல சமயம் காயாமலேயே காயும். ஆண்களின் ஜட்டியும் பனியனுமோ தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி கட்சிக் கொடிகளைப் போலப் பறக்கும். வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் எங்கள் மாடியை மட்டும் பார்த்தால், இந்தக் கட்டடத்தில் பெண்கள் உள்ளாடையே அணிவதில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார். அப்படி வந்தால் கெடுவது யாருடைய ஒழுக்கம் என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா தோசைக்குச் சட்னி கேட்டார்.

புகார் சொன்னது இரண்டாவது மாடி நாகலிங்கம் சார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் மொட்டை மாடியில் சூரிய நமஸ்காரம் செய்பவர்.

“சிவசைலம், நான் கிழக்கப் பாத்துக் கும்பிடுறேன். சூரியனுக்கும் எனக்கும் நடுவுல அது ரெண்டு தொங்குது. நான் எதைக் கும்பிடுறதா நெனைக்கிறது?”

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, ‘அது’ என்ற சொல்லைத் தாண்டாமலே முழுப் புகாரையும் சொல்லி முடித்தார்.

அவர் போன பிறகு நான் சொன்னேன், “ரெண்டடி தள்ளி நின்னு கும்பிடச் சொல்லுங்கப்பா.”

“பெரியவர்டி அவரு.”

“சூரியன் அவரைவிடப் பெரியவர். அவரே ஒண்ணும் சொல்லலையே.”

“உன்ன சமூகவியல் படிக்க அனுப்பிச்சேனா, வக்கீலுக்குப் படிக்க அனுப்பிச்சேனா?”

“ஒரு துண்டப் போட்டு மூடுனா என்னடி கொறைஞ்சிரும்?” என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து. “நாங்கள்லாம் மூடல?”

“அதத்தான்மா நானும் கேக்கறேன், ஏன் மூடுனீங்க?”

“வயசு வந்த பொண்ணு கேக்குற கேள்வியா இது,” என்று அம்மா குக்கரின் மீது கோபப்பட்டாள்.

நான் இதைப் பெரிய போராட்டமாக எடுத்துச் செல்லத் தயாராக இருந்தேன். பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்பில் பேசுவதற்குக்கூடக் குறிப்பு எழுதிவிட்டேன். கீழே போய் சங்கவி அக்காவிடம், நீங்கள் மூடாமல் போட்டதற்குப் பின்னாலுள்ள எண்ணத்தை விளக்குங்கள் என்று கேட்டேன். அவள் வாளியில் கோட்டை அலசிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்கிட்ட இருக்கிறது ஒரே துண்டு பாப்பா. அது அப்ப என் தலையில இருந்துச்சு.”

“சரிக்கா, ஆனா சாவி குடுக்காதது…”

“சாவி குடுக்காதது அநியாயம். அது தெரியுது. ஆனா வாடகை வீடு. தனியா இருக்கிற பொண்ணுக்கு எவன் வீடு குடுக்கிறான் சொல்லு? கல்யாணம் எப்பம்பான், கூட யாரு வருவாம்பான், கறி சமைப்பியாம்பான், எத்தன மணிக்கு வருவம்பான். விடியக்காலம் நாலரைக்குக் கெளம்பணும்னா போச்சு, கதவையே சாத்திடுவான். இந்த ரூம விட்டா எனக்கு வேலையும் இல்ல. நீ பேசு, நல்லா பேசு, ஆனா எம் பேரச் சொல்லாம பேசு.”

இது திங்கட்கிழமைக்கு முந்தின சாயங்காலம் நடந்த பேச்சு.

திங்கட்கிழமை காலையில் சூரியன் வழக்கம்போல ஏரிக்கரைப் பக்கம் எழுந்து, கல்யாண மண்டபத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்து, எதிர் பிளாட்ஸின் மாடி, பக்கத்து மனையில் நின்ற எருமைகளின் முதுகு, டவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் என்று ஒன்றையும் விடாமல் எல்லாவற்றின் மீதும் விழுந்தது. எங்கள் மொட்டை மாடியின் மீது மட்டும் விழவில்லை. மாடி, விடிவதற்கு முன்னால் இருந்ததைப் போலவே, சாம்பல் நிறத்தில் குளிர்ந்து கிடந்தது. அதன் பங்கு வெயில் கேட் வழியாகத் தரையோடு தரையாக உள்ளே வந்து, கார்களுக்கு அடியில் புகுந்து, மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு, கழிவுத் தொட்டி மூடியின் மேல் ஏறி இறங்கி, நத்தைகளைச் சற்றே விலகச் சொல்லிவிட்டு, பின்பக்க அறையின் ஜன்னல் வழியாக உள்ளே போய், அறைக்குள் குறுக்கே கட்டியிருந்த நைலான் கயிற்றில் தொங்கிய கோட்டின் மீதும், துண்டின் மீதும், புகாருக்கு உள்ளான அந்த இரண்டின் மீதும் சமமாகப் பட்டது. சங்கவி அக்கா ரத்தம் எடுக்கும் வேலை முடிந்து, குழாய்களை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது, ஒரு மொட்டை மாடி அளவு வெயில் பத்துக்குப் பத்து அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். அடுப்பில் சோற்றுக்கு உலை வைத்தாள்.

மேலே மூன்று மாடிக்காரர்களும் இதை இயல்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதாவது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிரே புதிதாக எழும்பும் கட்டடத்தின் நிழல் என்றார் அப்பா. அந்தக் கட்டடம் தெற்கில் எழும்புகிறது, சூரியன் கிழக்கில் என்று நான் சொன்னதற்கு, எல்லாவற்றுக்கும் எதிர்த்துப் பேசுகிறவளுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று கேட்டார். நாகலிங்கம் சார் மின்வாரியத்தில் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் செய்தார். அவர் இது தங்கள் துறை இல்லை என்றார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, வயரிங்கில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனான். வாட்ஸப் குழுவில் வழக்கமாக வரும் காலை வணக்கப் படங்கள், மலைகளுக்கு நடுவே எழும் சூரியனும் கீழே ஒரு நல்வாக்கும், நிற்காமல் வந்துகொண்டிருந்தன; அவற்றுக்கு அடியிலேயே “நம்ம மாடியில் இன்றும் இல்லை” என்று ஒரு வரியும் வரத் தொடங்கியது.

நாகலிங்கம் சார் மாடியில் சூரியசக்தி வெந்நீர்த் தொட்டி வைத்திருந்தார்; அதில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. துணிகள் காயவில்லை. ஈர பனியனைப் போட்டுக்கொண்டு என் அப்பா அலுவலகத்துக்குப் போய் வந்தார். பள்ளிச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தார்கள். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அது வத்தல் போடுகிற காலம்.

மாசி பிற்பாதியில் வெயில் முற்றத் தொடங்கும்போது கூழ் கிண்டி, உப்பும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் போட்டு, பழைய வேட்டியை விரித்துப் பிழியாவிட்டால் அந்த வருடம் விடிந்ததாகவே எங்கள் கட்டடப் பெண்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நெய்வேலியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு டப்பா, துபாயில் இருக்கும் மாமாவுக்கு ஒரு டப்பா என்று அம்மா வாக்குக் கொடுத்தாயிற்று. கூழும் கிண்டியாயிற்று. கிண்டிய கூழ் காத்திருக்காது. அம்மா ஒரு தாம்பாளத்தையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு, மேலே போகும் படியில் ஒரு கால் வைத்து, நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, கீழே இறங்கினாள்.

“சங்கவி, இருக்கியாம்மா?”

“வாங்க ஆன்ட்டி. செருப்பக் கழட்டிட்டு வாங்க, தர சுடும்.”

“சுடுமா?” என்று அம்மா கேட்ட கேள்வியில் இருந்த ஆசையை நான் இதற்கு முன் நகைக்கடையில்தான் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வத்தல் கலகலவென்று காய்ந்தது. மறுநாள் லில்லி புஷ்பம் டீச்சர் ஜவ்வரிசி வடாமோடு வந்தாள். அதற்கடுத்த நாள் மோர் மிளகாய் வந்தது, மஞ்சள் வந்தது, தலையணைகள் வந்தன, பிரசவமாகி வந்திருந்த முதல் மாடிப் பெண் கைக்குழந்தையை இளவெயில் காட்டக் கொண்டுவந்தாள். காக்கை கிடையாது, மழை பயம் கிடையாது, மாடி ஏறி முட்டி வலிக்காது. இத்தனை காலம் ஏன் மொட்டை மாடியில் காயப்போட்டோம் என்றே சிலர் கேட்கத் தொடங்கினார்கள். சங்கவி அக்கா வேலைக்குப் போகும்போது சாவியை மீட்டர் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது அவளுடைய பாயில் யாராவது ஒருவர் உட்கார்ந்து, வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இவள் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவாள்.

“உங்க ரூம், நீங்க ஓரமா உக்காந்திருக்கீங்க,” என்று நான் கொதித்தேன்.

“வெயிலு நடுவுல இருக்கே பாப்பா. ஓரமாத்தான் நெழலு.”

பிறகு துணிகளும் வந்தன. அம்மா எங்கள் வீட்டுத் துணியைக் கொண்டுவந்து, பழக்கத்தில், உள்ளாடைகளை முதலில் போட்டு மேலே துண்டை விரித்தாள். சாயங்காலம் துண்டு மொறுமொறுவென்று இருந்தது. அடியில் இருந்தவை பிழிந்தபோது இருந்த ஈரத்தோடு அப்படியே இருந்தன. மறுநாளும் அப்படியே. அந்த வெயில் அங்குலம் அங்குலமாகக் கார்களுக்கு அடியில் ஊர்ந்து வந்த வெயில். எதற்கு வந்தோம் என்பது அதற்குத் தெரியும்போல. மூன்றாவது நாள் அம்மா கதவைச் சாத்திவிட்டு, துண்டை எடுத்துவிட்டாள். லில்லி புஷ்பம் டீச்சர் அங்கேதான் இருந்தாள்.

“வசுமதி, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கடையாட்டு இருக்கே,” என்றாள் டீச்சர் கொடியைப் பார்த்து.

“பாண்டிபஜார் போனோமே, ஞாபகம் இல்ல? நீங்கதான வெல பேசுனீங்க.”

இருவரும் சிரித்த சிரிப்பு மோட்டார் ரூம்வரை கேட்டது. அம்மாவுக்கு வருடக்கணக்காக இருந்த அரிப்பும் படையும், டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துச் சலித்துப்போனது, பங்குனி பிறப்பதற்குள் ஆறிவிட்டது. இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. களிம்பைக் குப்பையில் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

நாகலிங்கம் சார் மட்டும் கொஞ்ச நாள் வெயில் இல்லாமலே மாடியில் கும்பிட்டுப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. வெயில் விழாத இடத்தில் செய்வது சூரிய நமஸ்காரத்தில் சேராது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் அவர் காம்பவுண்டுச் சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவிலுள்ள சந்தில் பக்கவாட்டில் நுழைந்து நின்று, அறைக்குள் இருந்த வெயிலைப் பார்த்துக் கைகூப்பினார். உள்ளே நைலான் கயிற்றில் கட்டடத்தின் அத்தனை வீட்டுத் துணியும், அவருடைய மனைவியுடையதும் சேர்த்து, மூடாமல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடலாம் என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்திருந்தால் பூட்டுச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். ஆனால் வசதி கிடைத்துவிட்டால் அதற்கு ஒரு தீர்மானம் போடாமல் எங்கள் சங்கத்தால் இருக்க முடியாது. கட்டடத்து வெயில் கட்டடத்தில் உள்ள அனைவருக்கும் பொது. அது ஒரு வாடகைக்காரருடைய அறையில் இருப்பது முறையல்ல. அந்த அறை சங்கத்துக்குச் சொந்தம். எனவே பங்குனி முடிவதற்குள் அறையைக் காலி செய்து தர வேண்டும், அதன்பின் அது பொதுக் காயவைக்கும் அறையாகப் பயன்படும். அச்சடித்து மீட்டர் பெட்டிப் பலகையில் ஒட்டினார்கள். கீழே என் அப்பாவின் கையெழுத்து, அவர் எப்போதும் போடும் இரட்டைக் கோட்டோடு.

அன்று எங்கள் வீட்டில் நான் சாப்பிடவில்லை, பேசினேன்.

“வெயில் அந்த ரூமுக்கு வரலைப்பா, அவங்ககிட்ட வந்துச்சு.”

“வெயிலுக்கு ஆள் தெரியுமா?”

“மாடிய மட்டும் தெரிஞ்சு விட்டுச்சே, அது எப்படி?”

“பாரு, நான் யாரையும் தெருவுல தள்ளலை. நோட்டீஸ் குடுத்திருக்கேன். சட்டப்படி.”

“சட்டப்படி நீங்க குடுக்க வேண்டியது சாவி.”

அப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அம்மா அன்றைக்கு அப்பாவுக்கு வத்தல் பொரிக்கவில்லை. டப்பா நிறைய வைத்துக்கொண்டு, தீர்ந்துவிட்டது என்றாள்.

சங்கவி அக்கா நோட்டீஸைப் படித்தாள், ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள், வேலை முடிந்த மத்தியானங்களில் வீடு தேடிப் புறப்பட்டாள். சில நாள் நானும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். வேப்பமரங்கள் அதற்குள் முழுக்கத் துளிர்த்து, தெருவெல்லாம் செம்புநிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தன. புங்கமரத்தடிகளில் பூ பொரி கொட்டியதுபோலக் கிடந்தது. ‘வீடு வாடகைக்கு’ பலகைகள் தொங்கின. பலகைக்குப் பின்னால் இருந்தவர்கள் அவள் சொன்ன கேள்விகளையே, அவள் சொன்ன வரிசையிலேயே கேட்டார்கள். ஒரு அம்மாள் மட்டும் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, கடைசியில், “மாடிக்கு மட்டும் போகக் கூடாது, அங்க பசங்க படிப்பானுங்க,” என்றாள். திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போய் முடிந்து கேட் திறந்த பிறகும் அக்கா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன் பாப்பா,” என்றாள்.

“வேலை?”

“அங்க யாரு வீட்ல வந்து ரத்தம் எடுக்கக் கூப்பிடுறாங்க? அம்மாவோட பூ கட்ட வேண்டியதுதான்.”

பங்குனி உத்திரத்துக்கு லீவு போட்டுவிட்டு அவள் தன் ஊரான போளூருக்குப் பஸ் ஏறினாள். சாவியை வழக்கம்போல மீட்டர் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டுத்தான் போனாள். அம்மாவும் டீச்சரும் தாம்பாளங்களோடு கீழே இறங்கிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது. நத்தை ஒன்று ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தது. பாயின் மீது முந்தின நாள் பரப்பியிருந்த வடாம் நசநசவென்று இருந்தது. இருவரும் மாடிக்கு ஓடினார்கள், மாடியிலும் இல்லை. பால்கனிகளில் இல்லை. பிறகு வீடுகளுக்குள்ளும், நன்றாகக் கிழக்கு பார்த்த கூடங்களிலும் மத்தியானத்தில் விளக்குப் போட வேண்டி வந்தது. எதிர் பிளாட்ஸில் வெயில் பளீரென்று அடித்தது. எங்கள் கட்டடம் மட்டும், அதன் ஓரங்கள் கத்தரித்ததுபோலத் தெரிய, யாரோ போர்த்தி வைத்த கூண்டு மாதிரி நின்றது.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுடைய அம்மாதான் எடுத்தாள்.

“இன்னாம்மா ஊரு அது, இன்னா பண்ணீங்க எம் பொண்ண?” என்றாள். “பஸ்ஸ வுட்டு எறங்கி வர்றா, பின்னாலயே வெயிலு வருது. வூட்டுக்குள்ள வந்து குந்திக்கினு போவ மாட்டேங்குது. கட்டுன பூவெல்லாம் வாடுது. தண்ணி தெளிச்சித் தெளிச்சி எங் கையே ஓஞ்சிபோச்சி.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா ஈர பனியனோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். கேட்டார். எழுந்துபோய் வேறு பனியன் தேடினார். அதுவும் ஈரமாக இருந்தது.

வடாம் பூஞ்சை பிடித்தது. மோர் மிளகாய் அழுகியது. கைக்குழந்தைக்குச் சளி பிடித்தது. சங்கக் குழுவில் ஒரு நாள் முழுக்க யாரும் காலை வணக்கப் படம் போடவில்லை. மறுநாள் போட்ட ஒருவரை நாகலிங்கம் சார் திட்டினார்.

சங்கவி அக்கா திரும்பி வந்தது ஒரு சனிக்கிழமை. சாமான்களைக் கட்டத்தான் வந்தாள். அட்டைப்பெட்டிகளும் சணல் கயிறும் வாங்கிக்கொண்டு, தோளில் பையோடு, அவள் கேட்டுக்குள் நுழைந்தபோது வெயிலும் அவளோடு நுழைந்தது. பால்கனிகளில் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை காலை, கார்களை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, தூண்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அவசரக் கூட்டம் கூடியது. மிக்சரும் டீயும் வந்தன. வாடகைக்காரருக்குச் சங்கக் கூட்டத்தில் இடமில்லை என்ற விதியை யாரும் அன்றைக்கு நினைவுபடுத்தவில்லை. அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் கையில் பாதி கட்டிய சணல் கயிறோடு வந்து ஒரு தூணின் பக்கத்தில் நின்றாள். அவள் நின்ற இடத்தில் வெயில் அடித்தது. மற்றவர்கள் நிழலில் இருந்தார்கள். அது நல்ல நிழல் இல்லை, குளிரடிக்கிற நிழல்.

அப்பா தொண்டையைச் செருமினார். “சங்கம் மறுபரிசீலனை செய்து…” என்று ஆரம்பித்தார்.

“முதல்ல அந்தப் பொண்ண உக்காரச் சொல்லுங்க,” என்றாள் அம்மா.

இதற்கு முன் கூட்டத்தில் அம்மா பேசி நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. நாகலிங்கம் சார்தான் எழுந்தார். அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தூணுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே அவள் பக்கத்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். முதுகுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும், நகரவில்லை.

சங்கவி அக்கா உட்கார்ந்தாள். கயிற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நோட்டீஸ வாபஸ் வாங்கிடுறோம்,” என்றார் அப்பா, செயலாளர் தமிழை விட்டுவிட்டு. “நீ எங்கயும் போக வேண்டாம்மா. எத்தன வருஷம் வேணாலும் இரு. யாரும் எதுவும் கேக்க மாட்டோம்.”

அவள் மடியிலிருந்த கயிற்றைப் பார்த்தாள்.

“மாடி சாவியும் தந்துடுறோம். இந்தா, என்னோடதையே வச்சுக்க.” சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. அப்பாவின் கை அங்கேயே நின்றது. எனக்கு ஏதோ சொல்ல வாய் வந்தது. டீச்சர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

“மேல டேங்குக்குப் பின்னாடி எடம் இருக்கு,” என்றார் நாகலிங்கம் சார், நின்ற இடத்திலிருந்தே, மெதுவாக. “அங்க உனக்குன்னு தனியா ஒரு கொடி கட்டித் தர்றோம். புதுக் கயிறா. யார் கண்ணுலயும் படாது, உனக்கும் சங்கடம் இல்ல, எங்களுக்கும் சங்கடம் இல்ல. மூடு, மூடாத, உன் இஷ்டம். என்னம்மா சொல்ற? இருந்துடுவியா?”

கட்டடம் முழுக்க அவளைப் பார்த்தது. கைக்குழந்தை தும்மியது. அவள் அப்பாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், நாகலிங்கம் சாரைப் பார்த்தாள், கட்டிக்கொண்டிருந்த கயிற்றின் முடிச்சை விரலால் ஒருமுறை நெருடினாள்.

“தனிக் கொடி வேண்டாம் சார்,” என்றாள். “இருக்கிற கொடியிலயே ஒரு முழம் போதும். நடுவுல.”